வடித்தெடுத்தது எவ்வளவு

அன்புள்ள மதுரா,

உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சுகம் விசாரித்து, வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குள் கவனமாக இரு என்றெல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் இதற்கு வரலாம் என்றுதான் நினைத்தேன். அப்படித் தொடங்கினால் இந்த வரி என் பேனாவிலிருந்து வரவே வராது என்று தெரிந்தது. அதனால் இதையே முதலில் எழுதிவிட்டேன். சனிக்கிழமைப் பள்ளியில் நீ படித்த தமிழ் இந்தக் கடிதத்துக்குப் போதும். விளங்காத சொல் ஏதும் வந்தால் அம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கேள். பொறாமை என்ற சொல்லுக்கு மட்டும் அவளிடம் விளக்கம் கேட்காதே, உதாரணத்துக்கு என்னையே காட்டுவாள்.

பிள்ளை தன்னை மிஞ்சினால் தகப்பனுக்குப் பூரிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கலியாண வீடுகளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பூரிப்பு வந்திருக்கிறது. நீ பள்ளி முடிக்கிற பக் பரீட்சையில் நல்ல மார்க்ஸ் எடுத்தபோது, நம் ஆட்களின் கடைகள் இருக்கிற லா ஷப்பெல் முழுக்க நடந்து திரிந்து சொன்னேன். உயிரித்தொழில்நுட்பத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, அந்தச் சொல்லை ஒழுங்காக உச்சரிக்கத் தெரியாமலே வேலையிடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் அந்த மைதானங்களில் நான் ஓடவில்லை, மதுரா. தான் ஓடாத மைதானத்தில் பிள்ளை முந்துவதைப் பார்ப்பது சுகமான காரியம். பியர் காய்ச்சுவதில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் இருந்து வந்து, செருப்பைக்கூட மாற்றாமல், என்னைத் தாண்டிப் போனாய்.

எப்படித் தொடங்கியது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். இடுப்பு பிடித்துக்கொண்டு எனக்கு டொக்டர் அரே, அதாவது வேலைக்குப் போகக்கூடாது என்ற துண்டு, எழுதித் தந்து வீட்டில் இருத்திய காலம் அது. ஒபர்வில்லியேயில் ஹோட்டல் படுக்கைவிரிப்புகள் தோய்க்கிற தொழிற்கூடத்தில் இத்தனை வருடம் மெஷினோடு நின்றவனுக்கு, சமையலறை ஜன்னலால் மேலே போகும் மெட்ரோவை எண்ணிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று நீ யோசித்துப் பார். என்னோடு வேலை செய்கிற மிஷெல் என்னைப் பார்க்க வரும்போது ஒரு போத்தல் கொண்டுவந்தான். லேபல் இல்லை. தானே வீட்டில் காய்ச்சியது என்றான். முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, நொறுக்கிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹொப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் போட்டால் பியர் என்று அவன் சொன்ன விதத்தில் அது ரசம் வைப்பதைவிட லேசாக இருந்தது. அடுத்த கிழமையே நான் பிரியாணிக் கிடாரம் ஒன்றை வாங்கிவந்தேன். சக்கையை வடிக்கத் துணிப்பை வேண்டும். என் பழைய வேட்டி ஒன்றை அம்மாவிடம் நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, இது கோயிலுக்குக் கட்டின வேட்டியெல்லே!"

"பழசு தானே. ஒரு பை மாதிரித் தைச்சுத் தா."

"குடிக்கிறதெண்டா கடையிலை வாங்கிக் குடியுங்கோவன். உதுக்கு ஏன் நான் தையல் வேலை செய்யவேணும்?"

திட்டிக்கொண்டே தைத்தாள். சாறிப் பிளவுஸ் தைக்கிற கை. தையல் பிரியவே இல்லை. என் பியர்தான் சரிவரவில்லை.

உனக்குத் தெரிந்ததை உனக்கே விளங்கப்படுத்துவது விசர்த்தனம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எண் என்னை எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லவேண்டும். மால்ட்டுக்குள் இவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று ஒரு கணக்கு உண்டு. அதில் எவ்வளவு நாம் வடித்த தண்ணீருக்குள் வந்து சேர்ந்தது என்பதுதான் வினைத்திறன். நூறு பங்கில் எழுபது வந்தால் எழுபது. மிச்சம் முப்பது சக்கையோடு குப்பை வாளிக்குப் போகிறது. அம்மாவுக்கு நான் இதைச் சொன்னபோது, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரித்தானே, கையிலே பலம் இல்லாதவள் பிழிந்தால் துருவிய பூவிலேயே பால் நின்றுவிடும் என்றாள். நீரமானியை, இனிப்பு கூடினால் உயர்ந்து மிதக்கிற அந்தக் கண்ணாடிக் குழாயை, இனிப்புத் தண்ணீருக்குள் விட்டு முதல்முறை கணக்குப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. மிஷெலிடம் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு, தனக்கு எப்போதும் எழுபத்தைந்துக்குக் குறையாது என்றான். அன்றைக்கு ஏதோ ஒன்று எனக்குள் பற்றிக்கொண்டது. அடுத்தமுறை அறுபது. அதற்கடுத்தமுறை அறுபத்தொன்று, பிறகு திரும்பவும் ஐம்பத்தொன்பது. வாழ்க்கையில் என்னிடம் இருந்ததில் எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு சக்கையோடு போனது என்று யாரும் எனக்கு எண் போட்டுக் காட்டியதில்லை. இந்தக் கண்ணாடிக் குழாய் காட்டியது.

நொறுக்கியது காணாது, மால்ட் பெரிய பெரிய துண்டாகக் கிடக்கிறது, அதுதான் காரணம் என்று நானே முடிவு செய்தேன். நொறுக்காத மால்ட் வாங்கி, நம் தெருவில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கிற கடைக்குப் பின்னால் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி, "அண்ணை, மிசினைக் கழுவிப்போட்டுத்தான் அரைக்கிறன், பயப்பிடாதேங்கோ" என்றான். பொடியாக அரைத்துத் தந்தான். சுடுதண்ணீரில் போட்டதும் அது களியாகிப் போனது. வேட்டிப் பையைத் தூக்கினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினோம். கண் எரிந்தது. மெஷினை அவன் கழுவிய லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பியரை ரூ லூயி-பிளாங்கில் ஃபோன் கடை வைத்திருக்கிற சிவா மாமாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணை, இது பியரோ, மீன் குழம்போ?" என்று கேட்டார். நீ உன் அறையில் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவரைக்கும் நீ இந்தப் போட்டிக்கு வெளியே இருந்தாய்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ தேத்தண்ணீர் போட வந்தாய். கிடாரத்தின் பக்கத்தில் நான் தெர்மோமீற்றரோடு நின்றேன். நீ மின்கேத்திலின் மூடியைத் திறந்து, உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினாய்.

"அப்பா, இந்தத் தண்ணியாலை தானே காய்ச்சிறீங்கள்?"

"வேறை எந்தத் தண்ணியாலை? பாரிஸிலை எல்லாருக்கும் இதுதான் தண்ணி."

"கல்கேர். இவ்வளவு சுண்ணாம்பு இருந்தா மால்ட் ஊறேக்கை புளிப்பு காணாது. புளிப்பு காணாட்டி மாவு சீனியா மாறாது. ஸே தூ!"

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நீ தேத்தண்ணீரோடு போய்விட்டாய். நான் அங்கேயே நின்றேன். மதுரா, நீ இதை யோசித்தாயோ தெரியாது. நாள் முழுக்கத் தண்ணீரிலே இருக்கிற சுண்ணாம்போடு சண்டை பிடிக்கிறதுதான் என் வேலை. சுண்ணாம்பு எடுக்காத தண்ணீரில் தோய்த்தால் விரிப்பு விறைத்துப்போகும், மெஷின் பழுதாகும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். என் சொந்தச் சமையலறையில், என் சொந்தக் கிடாரத்தில், அது எனக்குத் தோன்றவில்லை. தேத்தண்ணீர் போட வந்த உனக்குத் தோன்றியது.

அடுத்த கிழமை நீ புளிப்பு அளக்கிற கடதாசிப் பட்டைகளும் ஒரு சிறிய போத்தலில் லக்டிக் அமிலமும் கொண்டுவந்தாய். சில துளிகள் விட்டாய். கலக்கினாய். பட்டையை நனைத்து நிறம் பார்த்தாய். வடித்த பிறகு, சக்கையின் மேல் இரண்டாம் தண்ணீரை நான் வழக்கமாக ஊற்றுகிற மாதிரி வாளியோடு கவிழ்க்காமல், அகப்பையால் மெல்ல மெல்ல விட்டாய். வினைத்திறன் கணக்கை ஃபோனில் போட்டுப் பார்த்து, "ரொந்மோ எழுபத்தெட்டு, அப்பா" என்றாய், கடையில் பாண் முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். "கெட்டிக்காரி" என்றேன். என் கை தடவியது, வாய் சொன்னது. நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தவை சின்னத்தனமானவை. உன் அமிலப் போத்தலைத் தொடமாட்டேன் என்று எனக்குள் வைராக்கியம். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் என்றால் கடையில் போத்தலில் விற்கிறதே. பிடித்த இடுப்போடு தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டுக்கட்டாகப் படியேற்றினேன். நீ வகுப்புக்குப் போயிருக்கிற நாளாகப் பார்த்துக் காய்ச்சினேன். "பைப்பிலை தண்ணி சும்மா வருகுது, இந்த மனுசன் காசு குடுத்து வாங்கிக் காய்ச்சுது" என்று அம்மா மேல்மாடிக் குடும்பத்துக்குக்கூடக் கேட்கச் சத்தம் போட்டாள். எழுபது வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவா மாமா வந்திருந்தபோது கிளாஸில் ஊற்றிக்கொடுத்துவிட்டு, "பிழை தண்ணியிலை இருந்திருக்கு, சிவா. நான் கண்டுபிடிச்சிட்டன்" என்றேன். நீ அப்போது கடலைத் தட்டோடு கதவடியில் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ தட்டை வைத்துவிட்டு, "குடிச்சுப் பாருங்கோ மாமா, அப்பான்ரை இந்த முறை நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இரண்டு பேரும் சமமாகியிருப்போம். நீ அதைச் செய்யவில்லை. அது இன்னும் எரிந்தது.

சிவா மாமா மட்டும் விடுகிற ஆளா? அடுத்தமுறை உன்னுடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, கோவிக்காதேங்கோ. பெட்டையின்ரைதான் பியர்" என்றார். நான் சிரித்தேன். பெருமைப்படுகிற தகப்பன் எப்படிச் சிரிக்கவேண்டுமோ அப்படியே சிரித்தேன். அன்றிலிருந்து அவர் ஃபோன் எடுத்தால், "மகள் காய்ச்சினவவோ?" என்றுதான் முதலில் கேட்பார். நான் காய்ச்சியதைப் பற்றிக் கேட்பதில்லை. ஓல்னேயில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோமே, அங்கே என்னை ஒருவருக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவர்தான் அந்தப் பியர் காய்ச்சிற பிள்ளையின்ரை தேப்பன்" என்றார். தேப்பன்! கிடாரம் வாங்கியவன் நான். வேட்டி என்னுடையது.

படிப்பு முடிகிற நேரத்தில், வடக்கே லில் நகரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பியர் காய்ச்சுகிற இடத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். நீ அறைக்குள் போனதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை பெட்டை என்ன வேலை எண்டு கேட்டா என்ன சொல்லுறது? சாராயம் காய்ச்சிறாள் எண்டோ?"

"பியர்."

"ஓம், பியர். அதைச் சொன்னா உடனை தாலியோடை ஓடி வருவினம். நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள்."

அதற்குப் பிறகு எனக்கு வந்த நியாயங்களை நீ கேட்டிருக்கவேண்டும். இவ்வளவு படித்துவிட்டு மூட்டை தூக்குகிற வேலையா. தனியே, யாரும் தமிழர் இல்லாத ஊரில். ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் நல்ல வேலை காத்திருக்காதா. சொந்தக்காரர் என்ன சொல்வார்கள். ஒவ்வொன்றும் நல்ல நியாயம். ஒன்றுக்குக்கூட மறுமொழி சொல்ல உன்னால் முடியாது. அத்தனையையும் மனதில் அடுக்கிவைத்துக்கொண்டுதான், இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று உன்னோடு வந்தேன். உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், இதை மறக்காதே. உன்னைத் தடுக்கிறவர்கள் இனி நிறையப் பேர் வருவார்கள். தடுக்கிறவன் ஒரு நியாயம் சொன்னால் நின்று கேள். ஏழெட்டு நியாயம் சொன்னால், அவற்றுக்குப் பின்னால் அவன் சொல்லாத ஒன்று இருக்கிறது.

கார் து நோர்த்தில் ரயில் ஏறினோம். ரயிலில் நீ தூங்கிவிட்டாய். நான் தூங்கவில்லை. அந்த இடத்து முதலாளி பொலின், என் வயதை நெருங்கிய பெண், காலில் ரப்பர் சப்பாத்தோடு வாசலுக்கு வந்து உனக்குக் கை கொடுத்தாள். எனக்கு ஒரு கதிரை போட்டாள், கோப்பி தந்தாள், "பப்பா இங்கே இருக்கட்டும்" என்றாள். அவளும் நீயும் ஏணியில் ஏறி நின்று, ஆள் உயரத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு கதைத்தீர்கள். அமிலம், சுண்ணாம்பு, பாகை, அரைப்பு. என்னோடு ஒருநாளும் நீ அவ்வளவு வேகமாகக் கதைத்ததில்லை. என்னோடு கதைக்கும்போது தமிழில் சொல் தேடுகிறாய், நான் பிரெஞ்சில் சொல் தேடுகிறேன், இரண்டு பேரும் நடுவிலே நிற்கிறோம். அவளோடு நீ ஓடினாய். அந்தப் பெண்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அவள் தந்த கோப்பி ஒரு வாய் இறங்கவில்லை.

அப்போதுதான் தொட்டியிலிருந்து வடிந்துகொண்டிருந்த குழாய் நின்றுபோனது. என் களியைப் போல, ஆனால் ஆயிரம் லீற்றர் அளவில். இறுகிவிட்டது. பொலின் உன்னைப் பார்த்தாள். நானும் உன்னைப் பார்த்தேன். இப்போது எழுதுகிறேன், மதுரா: அந்த நொடியில் உனக்கு அது சரிவரக்கூடாது என்று என் மனதின் ஒரு மூலை விரும்பியது. நீ அவசரப்படவில்லை. குழாயை மூடினாய். சக்கை தன்பாட்டில் இருக்கட்டும் என்று கொஞ்சநேரம் விட்டாய். பிறகு அடியால் சுடுதண்ணீரை மெல்ல ஏற்றிச் சக்கையை மிதக்கவிட்டு, நீளத் துடுப்பால் மேலாப்பிலே மட்டும் கீறிவிட்டாய். குழாயைத் திறந்தாய். முதலில் கலங்கலாக, பிறகு தெளிந்து, தேன் நிறத்தில் ஓடத் தொடங்கியது. பொலின் உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் ஆறிப்போன கோப்பியோடு கதிரையில் இருந்தேன்.

திரும்பி வரும்போது, "என்ன நினைக்கிறீங்கள் அப்பா?" என்று கேட்டாய். உன் தலைமுடியில் மால்ட் தூள் ஒட்டியிருந்தது. நான், "பெரிய மிசின் இருந்தா ஆரும் செய்வினம்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பாரிஸ் வரும்வரை திரும்பவில்லை. வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் பீட்ரூட் வயல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய். இதை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை.

"என்ன, சொல்லிப்போட்டியளோ?"

"போகட்டும்."

"என்ன?"

"அவள் போகட்டும். அவளுக்கு அது வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு நாள் பாத்தவுடனை தெரிஞ்சிட்டுதோ?"

என்னிடம் இருந்த ஏழெட்டு நியாயமும் வாய்க்கு வரவில்லை. "எனக்கு எரியுது" என்றேன்.

"என்ன எரியுது? நெஞ்செரிவோ? குளிசை போட்டனீங்களோ?"

"அவளைப் பாத்து எரியுது. உவன் மிஷெலைப் பாத்து எனக்கு ஒருநாளும் இப்பிடி எரிஞ்சதில்லை. அவன் எழுபத்தைஞ்சு எடுக்கிறவன்தான், ஆனா எட்டிப் பிடிக்கலாம் எண்டிருந்தது. சும்மா கெட்டிக்காரியா இருந்தாச் சந்தோசப்பட்டிருப்பன். இது அதுக்கும் மேலை."

அம்மா, "பெத்த பிள்ளையைப் பாத்தோ?" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நீ போகப்போகிறாய் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். கலியாணத்துக்குக் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று அன்றைக்குப் பிறகு அவள் என்னைக் கேட்கவில்லை. போன கிழமை யாரோ கேட்டதற்கு, "மகள் பக்டீரியாவோடை வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஈஸ்ட் பக்டீரியா இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை.

இனிக் கடைசி ஞாயிறு. போவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து காய்ச்சுவோம் என்று நீதான் கேட்டாய். ஒரே மூட்டை மால்ட், ஒரே அடுப்பு, ஒரே கிடாரம். முதலில் நான், பிறகு நீ. அளவு இரண்டு பேருக்கும் ஒன்று. உன் அமிலப் போத்தலை அன்றைக்கு முதன்முறையாக நானே எடுத்துத் திறந்தேன். நீ அதைக் கண்டும் காணாத மாதிரி ஹொப்ஸை நிறுத்துக்கொண்டிருந்தாய். அகப்பையால் மெல்ல மெல்ல இரண்டாம் தண்ணீர் விட்டேன். இடுப்பு வலித்தது, அவசரப்படவில்லை. நீரமானியை இருவருமாகக் குனிந்து பார்த்தோம். எழுபத்துநாலு. என் வாழ்நாளில் நான் எடுத்த ஆகக்கூடிய எண். பிறகு நீ காய்ச்சினாய். நான் கடைக்குப் போய் மல்லித்தழையும் இறைச்சியும் வாங்கிவந்தபோது உன்னுடையது வாளிக்குள் போய் ஈஸ்ட்டும் போட்டாகிவிட்டது. "எவ்வளவு?" என்றேன். நீ கை துடைத்துக்கொண்டே, "இண்டைக்கு எனக்கு எழுபத்திரண்டுதான் அப்பா. நீங்கள் வெண்டிட்டீங்கள்" என்றாய்.

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உனக்குத் தெரியாது. கறிக்கு உப்புப் போட மறந்தேன். சிவா மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன். "அண்ணை, அப்ப உங்கடை தலை தப்பிட்டுது" என்று அவர் சிரித்தார். படுக்கையில் அம்மாவிடம் திரும்பவும் சொன்னேன். "ஓம், ஓம், எழுபத்துநாலு, நித்திரை கொள்ளுங்கோ" என்றாள்.

காலையில் உன்னைக் கார் து நோர்த்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்துவந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். சமையலறையில் இரண்டு வாளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் குமிழி வந்துகொண்டிருந்தது. உன்னுடையதன் மணத்தைப் பார்க்கலாம் என்றுதான் மூடியைத் திறந்தேன். பிறகு, சும்மா, ஒரு கிளாஸ் எடுத்து நீரமானியை மிதக்கவிட்டேன். ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன அந்தக் குழாய் தாழும். உயர வழியே இல்லை. இரவு முழுக்கத் தின்றபிறகும், மதுரா, அது நீ சொன்ன அளவுக்கு மேலேதான் நின்றது. கொஞ்சம் மேலே அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பது. அதுவும் இரவு தின்றது போக மிச்சம். உன் உண்மையான எண் அதற்கும் மேலே எங்கேயோ இருந்திருக்கிறது, இனி அதை அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை.

கதிரையில் இருந்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டில் தோற்றுக் கொடுக்கிற மாதிரி எனக்குத் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாயே என்று. ரயிலில் நான் சொன்ன சொல்லுக்கு இதுதானா உன் மறுமொழி என்று. பிறகு, நான் கடைக்குப் போனபோது நீ தனியே நின்று அந்த எண்ணைப் பார்த்திருப்பாய் என்று நினைத்தேன். நல்ல எண் வந்திருக்கிறது. சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் இறைச்சிக்கடையில் நிற்கிறான், அவனுக்குச் சொன்னால் அவனுக்கு வலிக்கும். உன் வயதில் நான் அப்படி ஒரு பொய் சொல்லியிருக்கமாட்டேன். இந்த வயதிலும் சொல்லமாட்டேன். நான் எண்பது எடுத்திருந்தால் தெருவிலே இறங்கிக் கத்தியிருப்பேன், நீ அழுதாலும் கத்தியிருப்பேன். பியரில் நீ என்னைத் தாண்டியது எரிகிறது என்று இவ்வளவு பக்கம் எழுதினேன். அது ஒன்றுமே இல்லை. அந்தப் பொய்யைச் சொன்ன மனதைப் பார்த்துத்தான் எனக்கு ஆகக்கூடிய பொறாமை. அதை எந்தத் தண்ணீரை மாற்றினாலும் நான் எட்டமாட்டேன்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். அங்கே குளிர் எப்படி, பொலின் எப்படி, அறை எப்படி என்று பிறகு ஆறுதலாக எழுது. முதலில் அந்த எண்ணை எழுதி அனுப்பு. உண்மையானதை. எனக்கு ஓரிரு நாள் எரியும், அம்மா பார்த்துக்கொள்வாள். நல்ல எண் ஒன்று உன் கையில் வந்திருக்க, அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் நீ ரயில் ஏறிப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுபத்துநாலில் நிற்கிற,
உன் அப்பா